கடிதம் எழுதினால் தேசத்துரோகமா?

கேள்வி: ஒபாமா அரசு ஈரானோடு அணுசக்திப் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டிருந்தபோது, குடியரசுக் கட்சியின் 47 செனட்டர்கள் ஈரான் தலைவர்களுக்கே நேரடியாகக் கடிதம் எழுதியதாகப் படித்தேன். சொந்த நாட்டு அரசின் ராஜதந்திர முயற்சியைக் குலைப்பது தேசத்துரோகம் ஆகாதா? அவர்கள் மீது ஏன் வழக்குப் போடவில்லை?

பதில்: சட்டத்தின்படி ஆகாது. அதற்காக அவர்கள் செய்தது முறையான காரியம் என்று நான் சொல்லவில்லை.

2015 மார்ச் 9 அன்று வெளியான அந்தப் பகிரங்கக் கடிதத்தை முன்னின்று எழுதியவர், செனட்டுக்குள் நுழைந்து இரண்டு மாதங்களே ஆகியிருந்த ஆர்கன்சா மாநிலத்து டாம் காட்டன். நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் அதிபர் செய்துகொள்ளும் உடன்பாட்டை, அடுத்து வரும் அதிபர் ஒரே கையெழுத்தில் ரத்து செய்துவிட முடியும் என்பதே அதன் சாரம். எங்கள் அரசமைப்பு முறை உங்களுக்கு முழுமையாகப் புரியாமல் இருக்கலாம் என்று ஈரானியர்களுக்குப் பாடம் எடுக்கத் தொடங்கிய கடிதம், ஒப்பந்தத்தை இறுதியாக ஏற்றுறுதி செய்வது செனட் என்று எழுதித் தானே சறுக்கியது. மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் இசைவு தருவதோடு செனட்டின் வேலை முடிந்துவிடுகிறது, ஏற்றுறுதி செய்பவர் அதிபர்தான். (பாடம் கேட்க வேண்டியவராகக் கருதப்பட்ட வெளியுறவு அமைச்சர் ஜாவத் ஸரீஃப் முனைவர் பட்டம் வாங்கியதே ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில்!) மறுநாளே நியூயார்க் நாளிதழ் ஒன்று முதல் பக்கத்தில் ‘துரோகிகள்’ என்று கொட்டை எழுத்தில் போட்டது. வழக்குத் தொடரச் சொல்லி வெள்ளை மாளிகைக்கு அனுப்பப்பட்ட இணைய மனுவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள்.

ஆனால், கோபத்தில் வீசும் சொல்லாக இது மாறிவிடக் கூடாது என்பதற்காகவே, அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தை எழுதியவர்கள் தேசத்துரோகத்தை அந்தச் சட்டத்துக்குள்ளேயே வரையறுத்துப் பூட்டி வைத்தார்கள். நாட்டுக்கு எதிராகப் போர் தொடுப்பது, எதிரிகளோடு சேர்ந்து அவர்களுக்கு உதவியும் ஆதரவும் அளிப்பது ஆகிய இரண்டு மட்டுமே அந்தக் குற்றம். அதையும் ஒரே வெளிப்படையான செயலைக் கண்ட இரு சாட்சிகளைக் கொண்டோ, திறந்த நீதிமன்றத்தில் குற்றவாளி தரும் ஒப்புதலைக் கொண்டோதான் நிரூபிக்க வேண்டும். அரசனுக்குப் பிடிக்காத பேச்சையெல்லாம் ராஜத்துரோகம் என்று நீட்டிக்கொண்டே போன இங்கிலாந்தின் வரலாறு அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1945-ல் கிரேமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது: ஒருவரின் செயல் எதிரிக்குப் பயன்பட்டாலும், நாட்டைக் காட்டிக்கொடுக்கும் எண்ணம் அவரிடம் இல்லாவிட்டால் அது துரோகமல்ல. அரசை விமர்சித்துப் பேசுவதையே அப்படிப்பட்ட செயலுக்கு ஓர் உதாரணமாக அந்தத் தீர்ப்பு காட்டியிருக்கிறது.

‘எதிரி’ என்பதும் சட்டத்தில் சாதாரணச் சொல் அல்ல. போர் நிலையில் இருக்கும் நாட்டையே அது பெரும்பாலும் குறிக்கும். அணு ரகசியத்தை சோவியத் ஒன்றியத்துக்குக் கொடுத்ததாக 1953-ல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ரோசன்பர்க் தம்பதி மீதுகூட, உளவுச் சதி வழக்குதான் போடப்பட்டதே தவிர தேசத்துரோக வழக்கு போடப்படவில்லை. 2015-ல் ஈரானோடு அமெரிக்கா போரில் இல்லை. அதைவிட முக்கியமாக, ஈரானுக்குச் சாதகமாகிவிடும் என்று தாங்கள் கருதிய உடன்பாட்டைத் தடுக்கவே அந்த 47 பேரும் கையெழுத்திட்டார்கள்.

இணைய மனு சுட்டிக்காட்டியது லோகன் சட்டத்தை. ஜார்ஜ் லோகன் என்ற மருத்துவர் 1798-ல் தன் விருப்பத்தில் பாரிஸ் சென்று சமாதானம் பேசியதால் எரிச்சலுற்ற அமெரிக்க நாடாளுமன்றம், அரசின் அனுமதியின்றி வெளிநாட்டோடு பேரம் பேசுவதைத் தடுக்க மறு ஆண்டே கொண்டுவந்த சட்டம் அது. மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. ஆனால் 1803-லும் 1852-லும் குற்றச்சாட்டு பதிவானதோடு சரி. இதுவரை ஒருவரும் தண்டிக்கப்பட்டதில்லை. லோகன் பின்னாளில் செனட்டராகவே ஆனார்.

உண்மையிலேயே அந்நிய அரசோடு சதி செய்த செனட்டருக்கு என்ன நடந்தது என்று பார்த்தால் விடை இன்னும் தெளிவாகும். ஸ்பெயின் வசமிருந்த புளோரிடாவையும் லூசியானாவையும் பிரிட்டன் கைப்பற்ற உதவத் திட்டமிட்ட டென்னசி செனட்டர் வில்லியம் பிளவுன்ட்டை, 1797-ல் செனட்டே 25-க்கு 1 என்ற வாக்கில் வெளியேற்றியது. அவை உறுப்பினர் செய்த தவறுக்கு அவையே தீர்ப்பளித்தது. கடிதம் எழுதியவர்கள் விஷயத்திலும் கண்டனமோ வெளியேற்றமோ அவையின் கையில்தான் இருந்தது; 100 பேர் அவையில் 47 பேரே கையெழுத்திட்டிருக்கும்போது வெளியேற்றத்துக்குத் தேவையான மூன்றில் இரண்டு பங்குக்கு எங்கே போவது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2007-ல் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்த பிரதிநிதிகள் சபைத் தலைவர் நான்சி பெலோசி, புஷ் அரசின் ஆட்சேபத்தை மீறி டமாஸ்கஸ் சென்று சிரிய அதிபரைச் சந்தித்தபோது, லோகன் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள் மறுதரப்பினர். ஆட்சி மாறும்போது குற்றம் சாட்டும் வாய்களும் இப்படி இடம் மாறுகின்றன என்பதாலேயே இந்தக் குற்றச்சாட்டை நான் பெரிதாக மதிப்பதில்லை.

கேள்வி: ஆனால் கடிதம் சொன்னபடியே 2018-ல் டிரம்ப் உடன்பாட்டிலிருந்து விலகிவிட்டாரே?

பதில்: விலகினார், கடிதத்தின் கணிப்பு பலித்தது. என் ஆட்சேபம் முகவரியைப் பற்றியது. அதே எச்சரிக்கையை செனட்டில் எழுந்து பேசியிருந்தால், அவைப் பேச்சுக்கு அரசமைப்புச் சட்டம் தரும் பாதுகாப்பும் இருந்திருக்கும், டெஹ்ரானுக்கும் செய்தி போயிருக்கும். கையெழுத்திட மறுத்த ஏழு குடியரசுக் கட்சியினரில் ஒருவரான வெளியுறவுக் குழுத் தலைவர் பாப் கார்க்கர், உடன்பாட்டை நாடாளுமன்றம் பரிசீலிக்க வழிசெய்யும் மசோதாவுக்கு இரு கட்சிகளிலும் ஆதரவு திரட்டினார். அது 2015 மே மாதத்தில் 98-க்கு 1 என்ற வாக்கில் செனட்டில் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த ஒருவர் காட்டன்.