பழைய அமெரிக்கக் காலண்டர்களில் ஹவாய்ப் பெண் ஏன் எப்போதும் புல்பாவாடையிலேயே இருக்கிறாள்?

முதலில், அவள் பெரும்பாலும் ஹவாய்க்காரியே அல்ல. கில் எல்வ்கிரென் போன்ற பின்-அப் (சுவரில் மாட்டும் கவர்ச்சிப் படம்) ஓவியர்கள் 1940, 50-களில் ஸ்டுடியோவில் மாடலை நிறுத்திப் புகைப்படம் எடுத்து, அதைப் பார்த்து வரைந்தார்கள். வரையும்போது கால் சற்று நீளும், இடை ஒடுங்கும். கழுத்தில் பூமாலையும் கையில் உகுலேலே என்ற குட்டிக் கிதாரும் ஏறிவிட்டால் அமெரிக்கப் பெண் தீவுப் பெண்ணாகிவிடுவாள்.

வேடிக்கை அந்தப் பாவாடைதான். பழங்காலத்தில் ஹவாயின் ஹூலா நடனம் ஆடியவர்கள் உடுத்தியது மரப்பட்டையைத் தட்டித் தட்டி மெலிதாக்கிய கபா துணி. பச்சை இலைகளைக் கட்டிக்கொள்வதும் உண்டு. காய்ந்த புல்பாவாடையோ 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோட்டவேலைக்கு வந்த, பசிபிக்கின் கில்பர்ட் தீவினரோடு வந்தது. சுற்றுலா விளம்பரங்கள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. போகட்டும், அந்த உகுலேலேயும் போர்ச்சுகீசியர் கொண்டுவந்த கருவியிலிருந்து பிறந்ததுதான்.