டிவிஷன் பார்த்தா பகை வரும்?

கேள்வி: ஆசிரியர் ஐயா, நான் 30 வருட ஆர்சனல் காற்பந்து ரசிகன். என் மச்சான் இன்னொரு லண்டன் அணியான வெஸ்ட் ஹாம் ரசிகர். மில்வால்தான் தங்கள் பரம எதிரி என்று மாமாக் கடையில் உட்கார்ந்து அடித்துப் பேசுகிறார். காலமெல்லாம் கீழ் டிவிஷனில் கிடந்த அணி எப்படி ஐயா எதிரியாகும்? லிவர்பூல், மென்செஸ்டர் யுனைடெட் போல ஒரே டிவிஷனில் சம பலத்தோடு மோதினால்தானே அது பகை? மற்றதெல்லாம் வாய்ச்சவடால் என்கிறேன் நான். தோற்றவர் பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு வாங்கித் தரவேண்டும் என்று பந்தயம். தீர்ப்பு சொல்லுங்கள்.
ஒரு வாசகர், செந்தூல்

பதில்: பந்தயத்தில் தோற்றுவிட்டீர்கள். காரணம் கேட்காமல் விடமாட்டீர்கள் என்பதால் மேற்கொண்டு எழுதுகிறேன்.

பங்காளிச் சண்டையை நீங்கள் பார்த்ததே இல்லையா? அண்ணன் பங்சார் பங்களாவுக்குப் போய்விட்டான், தம்பி இன்னும் செந்தூல் பிளாட்டில்தான் இருக்கிறான் என்பதால் அப்பன் சொத்துத் தகராறு தீர்ந்துவிடுமா? அதற்கப்புறம்தான் பகை இன்னும் முற்றும். மேலே போனவன் "அவனையெல்லாம் நான் நினைக்கிறதே இல்லை" என்பான். கீழே இருப்பவன் தினமும் நினைப்பான். ஏதோ ஒரு கல்யாணப் பந்தியில் இருவரும் எதிரெதிரே உட்கார நேரும்போது, மேலே போனவன் சொன்னது பொய் என்று ஊருக்கே தெரியும். காற்பந்து லீக்கில் அணிகளைப் படிப்படியாக அடுக்கி வைப்பதுதான் டிவிஷன்; நன்றாக ஆடினால் மேலே ஏறலாம், சொதப்பினால் கீழே இறங்க வேண்டும். மேல் படியும் கீழ் படியும் கலந்து மோதும் அந்தக் கல்யாண வீட்டுக்குக் கிண்ணப் போட்டி என்று பெயர்.

உங்கள் மச்சான் பக்கத்தை முதலில் பார்ப்போம். மில்வால், 1885-இல் லண்டன் ஐல் ஆஃப் டாக்ஸில் டப்பா உணவுத் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் தொடங்கிய அணி. வெஸ்ட் ஹாம், 1895-இல் தேம்ஸ் அயர்ன்வொர்க்ஸ் என்ற கப்பல் பட்டறையில் பிறந்தது. இரண்டுக்கும் ஆள் வந்தது ஒரே துறைமுகத்திலிருந்து. 1910-இல் மில்வால் நதியைத் தாண்டித் தெற்கே குடிபோனது. பகையும் கூடவே போனது. மில்வால் முதல் டிவிஷனை எட்டிப் பார்க்கவே 1988 ஆகிவிட்டது. இரண்டே சீசனில் மறுபடி இறங்கிவிட்டது. நீங்கள் சொல்லும் கணக்குப்படி இந்தப் பகை எப்போதோ செத்திருக்க வேண்டும்.

2009 ஆகஸ்ட் 25 அன்று லீக் கிண்ணத்தில் மோதினார்கள். வெஸ்ட் ஹாம் பிரிமியர் லீக்கில், அதாவது இங்கிலாந்தின் உச்ச டிவிஷனில். மில்வால் அதற்கு இரண்டு டிவிஷன் கீழே. வெஸ்ட் ஹாம் திடலான அப்டன் பார்க்கைச் சுற்றிய தெருக்களில் அடிதடி, ஒருவருக்குக் கத்திக்குத்து, ரசிகர்கள் திடலுக்குள் பாய்ந்தார்கள். கூடுதல் நேரத்தில் வெஸ்ட் ஹாம் 3-1 என்று வென்றது, ஆனால் மறுநாள் கோல்களைப் பற்றிப் பேச ஆளில்லை. கத்திக்குத்தை நான் பெருமையாகச் சொல்லவில்லை, அது அசிங்கம். ஆனால் வாய்ச்சவடால் என்று நீங்கள் ஒதுக்குகிறீர்களே, அதற்கு இவ்வளவு போலீஸ் தேவைப்படாது.

சரி, இப்போது உங்கள் வீட்டுக்கு வருவோம். 30 வருட ஆர்சனல் ரசிகர் நீங்கள். டாட்டன்ஹாமைக் கண்டால் ஏன் ஆகாது என்று என்றைக்காவது யோசித்தீர்களா?

1913 வரை ஆர்சனல் தேம்ஸுக்குத் தெற்கே, வுல்விச் பக்கத்து அணி. அந்த ஆண்டு இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. இறங்கிய கையோடு மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு வடக்கு லண்டனுக்கு, ஹைபரிக்கு வந்துவிட்டது. டாட்டன்ஹாம் திடலிலிருந்து சுமார் 4 மைல். டாட்டன்ஹாமோ அப்போது முதல் டிவிஷன். கீழ் டிவிஷன்காரன் வந்து நம் வாசலில் கடை போடுகிறானே என்று அவர்களுக்கு எரிந்தது. அப்புறம் போர். 1919-இல் லீக்கை மறுபடி தொடங்கும்போது முதல் டிவிஷனை 20 அணியிலிருந்து 22-ஆக விரித்தார்கள். போருக்கு முன் கடைசி இடத்தில் இருந்த டாட்டன்ஹாம், கூடுதல் இடம் இருப்பதால் தப்பித்துவிடலாம் என்று நினைத்தது. ஓட்டெடுப்பு வைத்தார்கள். இரண்டாம் டிவிஷனில் ஐந்தாவதாக வந்திருந்த ஆர்சனலுக்கு 18 ஓட்டு, டாட்டன்ஹாமுக்கு 8. ஆர்சனல் தலைவர் ஹென்றி நோரிஸ் உள்ளே என்ன பேசினார், யாரைப் பிடித்தார் என்று நூறு ஆண்டு கழித்தும் டாட்டன்ஹாம்காரர்கள் முணுமுணுக்கிறார்கள். ஆர்சனல் அன்று ஏறியது, இன்றுவரை இறங்கவில்லை. டாட்டன்ஹாம் கீழே போய், அடுத்த சீசனிலேயே இரண்டாம் டிவிஷனை வென்று திரும்பி வந்தது, கோபத்தோடு.

ஆக, நீங்கள் 30 வருடமாக அனுபவித்து வரும் பகைக்கு எரிபொருள் ஊற்றியதே இரண்டு டிவிஷன்களுக்கு நடுவில் நடந்த இழுபறிதான் ஐயா. இதை மச்சானிடம் காட்டாதீர்கள், பாயசமும் கேட்பார்.

நீங்கள் காட்டிய உதாரணமும் உங்களுக்கே எதிராகச் சாட்சி சொல்கிறது. மென்செஸ்டர் யுனைடெட் 1974-75 சீசனை இரண்டாம் டிவிஷனில் ஆடியது. அந்த ஓராண்டு லிவர்பூல்காரர்கள் பகையை அலமாரியில் வைத்துப் பூட்டினார்களா? அதே மென்செஸ்டரில், 1999 மே 26 அன்று யுனைடெட் ஐரோப்பியக் கிண்ணத்தைத் தூக்கியது. நான்கே நாள் கழித்து, அதே ஊர் சிட்டி அணி மூன்றாம் டிவிஷனிலிருந்து ஏறுவதற்காக ஜில்லிங்ஹாமோடு மூச்சுத் திணறி, பெனால்டியில் தப்பியது. அன்றைய சிட்டி ரசிகனிடம் போய், "உனக்கும் யுனைடெட்டுக்கும் இப்போது பகை இல்லை, நீ வேறு டிவிஷன்" என்று சொல்லிப் பாருங்கள்.

இதையெல்லாம் விட எனக்குப் பிடித்தது விம்பிள்டன் கதை. 2002-இல் விம்பிள்டன் அணியை சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி மில்டன் கீன்ஸ் நகருக்குக் கொண்டுபோக அனுமதி கொடுத்தார்கள். ரசிகர்கள் போகவில்லை. ஏஎஃப்சி விம்பிள்டன் என்று சொந்தமாக ஓர் அணி கட்டி, ஒன்பதாம் படியில் ஆட ஆரம்பித்தார்கள். திருடப்பட்ட அணி, அவர்கள் பாஷையில், இரண்டாம் படியில் ஆடியது. நடுவில் ஏழு படி. 2012 டிசம்பர் 2 அன்று எஃப்.ஏ. கிண்ணத்தில்தான் முதல் மோதல். அதாவது பத்து ஆண்டு, ஒரு தடவைகூட நேரில் பார்க்காமலேயே வளர்ந்த பகை! அன்று மில்டன் கீன்ஸ் 2-1 என்று வென்றது. 2014-இல் வேறொரு கிண்ணத்தில் ஏஎஃப்சி 3-2 என்று திருப்பிக் கொடுத்தது.

கிளாஸ்கோவில் ரேஞ்சர்ஸ் 2012-இல் கடனில் மூழ்கி நான்காம் டிவிஷனிலிருந்து தொடங்கியது. "பழைய ரேஞ்சர்ஸ் செத்துவிட்டது, இது வேறு கம்பெனி" என்றார்கள் அதே ஊர் எதிரியான செல்டிக்கின் ரசிகர்கள். செத்தவனுக்கு யாராவது இவ்வளவு நேரம் ஒதுக்குவார்களா? 2016-இல் ஸ்காட்டிஷ் கிண்ண அரையிறுதியில் இரண்டாம் டிவிஷன் ரேஞ்சர்ஸ், சாம்பியன் செல்டிக்கைப் பெனால்டியில் வெளியே அனுப்பியது.

உங்களுக்கு ஓர் அரை மதிப்பெண் தருகிறேன். டிவிஷன் வித்தியாசம் மட்டுமே பகையை உண்டாக்காது. 1972-இல் லீக்கிலேயே இல்லாத ஹியர்ஃபோர்டு, நியூகாசிலை 2-1 என்று கவிழ்த்தது. இன்றும் அந்தக் கோலைக் காட்டுகிறார்கள். ஆனால் இரண்டு ஊருக்கும் பகை கிடையாது. அது ஒரு நாள் அதிசயம், அவ்வளவுதான். வேலி ஒன்றாக இருக்க வேண்டும், அல்லது பழைய கணக்கு ஒன்று தீராமல் இருக்க வேண்டும்.

இவ்வளவு தூரம் இங்கிலாந்துக்குப் போயிருக்கவும் வேண்டாம். சிங்கப்பூர் வருகிறது என்றால் என் அப்பா மத்தியானமே கடையை அடைத்துவிட்டு மெர்டேக்கா அரங்கத்துக்குக் கிளம்பிவிடுவார். அந்தச் சிங்கப்பூர் 1993-இல் நம் லீக்கில் இரண்டாம் டிவிஷனில் கிடந்தது. அப்படியே மலேசியக் கிண்ண இறுதியாட்டம்வரை வந்து கெடாவிடம் தோற்றது. அடுத்த ஆண்டு லீக், கிண்ணம் இரண்டையும் அள்ளிக்கொண்டு போயே போய்விட்டது. இரண்டாம் டிவிஷன் என்பதால் சிலாங்கூர்காரன் யாரும் அந்த ஆண்டு சிங்கப்பூரை மன்னித்ததாக நான் கேள்விப்படவில்லை.

2005 இன்னும் அழகு. சிலாங்கூர் அப்போது பிரிமியர் லீக்கில், அதாவது நம் இரண்டாம் டிவிஷனில். அந்த ஆண்டு அதையும் வென்றது, எஃப்.ஏ. கிண்ணத்தையும் வென்றது, மலேசியக் கிண்ண இறுதியில் சூப்பர் லீக், அதாவது நம் முதல் டிவிஷன், சாம்பியன் பெர்லிஸை 3-0 என்று துவைத்தது. மூன்று கோலும் இந்தோனேசியர் பம்பாங் பமுங்காஸ் அடித்தது. செந்தூலிலிருந்து சிலாங்கூர் திடல் இருந்த ஷா ஆலம் எவ்வளவு தூரம் ஐயா? விடிகாலை மூன்று மணிக்கு லண்டன் ஆட்டம் பார்க்கக் கண் விழித்த உங்களுக்கு இது ஞாபகம் இல்லை.

2022-உடன் நம் பிரிமியர் லீக்கையே மூடிவிட்டார்கள். 2023 சூப்பர் லீக்கில் ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை. நம் பிள்ளைகள் நிறைய பேர் ஆடிய மிஃபா (மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கம்) அணி, 2019-இல் பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக்குக்கு ஏறி, 2022 முடிவில் காணாமல் போனது. ஒரு நல்ல பகையைச் சம்பாதிக்கக்கூட அதற்கு நேரம் கிடைக்கவில்லை. ஒரு டிவிஷனையே இழுத்து மூடிய ஊரில் உட்கார்ந்துகொண்டு டிவிஷன் பார்த்துப் பகையை அளக்கிறீர்கள், அதுதான் எனக்கு ஆச்சரியம்.

பிரிக்பீல்ட்ஸுக்குக் கிளம்புங்கள். மச்சானுக்கு மீன் தலைக்கறியும் சேர்த்துச் சொல்லுங்கள். தீர்ப்புக் கூலியாக எனக்கு ஒரு வறுத்த பாகற்காய் போதும்.