திறந்த ஏரி, மூடிய தேக்கம்

கேள்வி: மும்பையின் விஹார், துளசி ஏரிகளுக்கு மேலே மூடி கிடையாது. கொக்கு, காட்டு விலங்கு எல்லாம் இறங்கும் அந்தத் தண்ணீரையா குடிக்கிறோம்?
– வாசகி, மாட்டுங்கா

பதில்: ஆமாம், அதுவும் சேர்ந்துதான் வருகிறது. நகருக்கு நீர் தரும் 7 ஏரிகளில் இவை இரண்டும் சிறியவை. பாட்சா, வைதர்ணா பக்கமிருந்தே பெரும்பங்கு வருகிறது. ஏரி திறந்திருப்பதில் தவறில்லை. படிகாரம் போன்ற உப்பைக் கலந்து கலங்கலைத் திரட்டி, அடியில் படியவிட்டு, மணலில் வடித்து, குளோரின் போட்ட பிறகுதான் குழாய்க்கு வருகிறது. ஏரிக்குக் காவல் சுற்றியுள்ள காடுதான். காடு இருந்தால் மண் அரிக்காது, சாக்கடை சேராது. 1891-ல் குடிநீருக்காகக் கட்டிய பவாய் ஏரியைச் சுற்றி நகரம் நெருங்கியது. இன்று அந்த நீரைக் குடிக்க முடியாது.

கட்டாயம் மூட வேண்டியது, குளோரின் போட்ட நீர் நிற்கும் தேக்கத்தை. வெயில் பட்டால் சில மணி நேரத்தில் குளோரின் சிதைந்துவிடும். பாசி பிடிக்கும், பறவை எச்சத்தோடு கிருமி வரும். அதைப் பிடிக்க அடுத்து வடிகட்டி எதுவும் இல்லை. குளோரினைக் கூட்டிப் போட்டாலும் தீராது: பாசியின் கழிவோடு சேர்ந்து ட்ரைஹேலோமீத்தேன் என்ற தீங்கான வேதிப்பொருள் உண்டாகும். நீரில் புரோமைடு என்ற உப்பு இருந்தால், வெயிலும் குளோரினும் சேர்ந்து அதைப் புரோமேட் என்ற நச்சாக்கும். லாஸ் ஏஞ்சலீஸில் 2008-ல் ஐவன்ஹோ தேக்கத்தின் மேல் வெயிலை மறைக்க லட்சக்கணக்கில் கருப்புப் பந்துகளை மிதக்கவிட்டது இதனால்தான். நம் மலபார் ஹில் தேக்கம், மாலையில் நீங்கள் உலாவும் தொங்கும் தோட்டத்துக்கு அடியிலேயே இருக்கிறது!

கேள்வி: எங்கள் சொசைட்டியில் மாடித் தொட்டி மூடி உடைந்து ஒரு மாதமாகிறது. குளோரின் தண்ணீர்தானே, பரவாயில்லையா?
– வாசகர், செம்பூர்

பதில்: விடாதீர்கள், உங்கள் தொட்டியும் ஒரு திறந்த தேக்கம்தான். குழாய் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும். வெயிலில் அது நிற்காது. முதலில் மூடியை மாற்றி, வழிந்தோடும் குழாயின் வாயில் கொசுவலை கட்டுங்கள். தொட்டியைக் காலி செய்து, தேய்த்துக் கழுவி, நிரப்புங்கள். 1,000 லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடரை (33 சதவீத வீரியம்) வாளியில் கரைத்து, சுண்ணாம்பு படிந்ததும் மேல் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். 24 மணி நேரம் யாரும் குழாயைத் திறக்கக் கூடாது. பிறகு முழுவதும் வடித்துவிட்டுப் புது நீர் பிடியுங்கள். அதுவரை குடிநீரை, கொதி வந்தபின் ஒரு நிமிடம் விட்டு இறக்குங்கள். கட்டி தட்டிய பழைய பவுடரில் வீரியம் போயிருக்கும். புது பாக்கெட்டாக வாங்குங்கள்.