நன்னிலத்து வழக்கு ஸ்ட்ராஸ்பர்க் போகுமா?

கேள்வி: வாய்க்கால் மடைத் தகராறில் விசாரணைக்கு என்று அழைத்துப்போன என் தம்பியைக் காவல் நிலையத்தில் அடித்து அனுப்பினார்கள். பிரான்ஸில் குடியிருக்கும் காரைக்கால் மாமா, "இங்கே என்றால் மனித உரிமை நீதிமன்றத்துக்கே போகலாம்" என்கிறார். நமக்கும் அப்படி உண்டா?
– வாசகர், நன்னிலம்

பதில்: மாமா சொல்வது சரி, ஆனால் அவர் வாழும் நாட்டுக்கே அது பொருந்தும். 1950-இல் ரோமில் கையெழுத்தான ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கைக்காக 1959-இல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் அமைந்த நீதிமன்றத்துக்கு இன்று 46 நாடுகள் கட்டுப்பட்டவை. பிரான்ஸ் அரசால் பாதிக்கப்பட்டவர் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருந்தாலும் அங்கே மனுச் செய்யலாம். நன்னிலத்தில் நடந்ததை அங்கே கொண்டுபோக இயலாது. அமெரிக்கக் கண்டத்துக்குச் சான் ஹோசேயிலும் ஆப்பிரிக்காவுக்கு அருஷாவிலும் இத்தகைய நீதிமன்றங்கள் உள்ளன. ஆசியாவுக்கு இல்லை.

ஸ்ட்ராஸ்பர்க்கும் எடுத்த எடுப்பில் மனுவை ஏற்பதில்லை. உள்நாட்டு நீதிமன்றங்களில் எல்லா வழியையும் முடித்து, இறுதித் தீர்ப்பு வந்த 4 மாதங்களுக்குள் போக வேண்டும். ஆகவே மாமாவாக இருந்தாலும் முதல் வேலை உள்ளூரில்தான்.

உங்களுக்கு 1993-ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் மாநில மனித உரிமை ஆணையத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். கட்டணமோ வக்கீலோ தேவையில்லை. முதல்வர் தனிப்பிரிவு தொடங்கி டெல்லி வரை ஒரே மனுவை நகலெடுத்து அனுப்பும் நம் ஊர் வழக்கம் இங்கே பயன்படாது; மாநில ஆணையத்தில் நிலுவையிலுள்ளதைத் தேசிய ஆணையம் விசாரிக்காது. மாநில ஆணையத்தின் பரிந்துரை அரசைக் கட்டுப்படுத்தும் என்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 2021-இல் தீர்ப்பளித்திருப்பதால், அதை வெறும் கடிதம் என்று எண்ண வேண்டாம்.

மனுவைவிட முக்கியமானது அரசு மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல், அதாவது ஏ.ஆர். நகல். காயம் எப்படி ஏற்பட்டது என்று மருத்துவர் கேட்கும்போது, வாசலில் நிற்கும் காவலருக்குப் பயந்து "வரப்பில் வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லிவிடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு வரியைப் பிறகு மாற்றுவது பெரும்பாடு. தம்பி என்ன சொன்னார் என்பதை முதலில் விசாரியுங்கள்.

உரிமை மீறலுக்காக நேரே உயர் நீதிமன்றத்தில் போடும் ரிட் மனுவுக்குப் போவதானால், கும்பகோணத்து உறவினர் அதன் மதுரைக் கிளைக்குப் போனார் என்று நீங்களும் அங்கே போகாதீர்கள். தஞ்சாவூர் மாவட்டம் மதுரைக்கு உட்பட்டது. நன்னிலம் இருக்கும் திருவாரூர் மாவட்டத்துக்குச் சென்னைதான்.