போகப் போகிறவளுக்கு எதற்குக் கட்டில்?

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 31 வயது. ஊர் யாழ்ப்பாணத்தில் கொக்குவில். கொழும்பில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்காளராக இருக்கிறேன். வெள்ளவத்தையில் இன்னும் இரண்டு பெண்பிள்ளைகளோடு ஒரு ப்ளட்டில் வாடகைக்கு இருக்கிறேன். கந்தோர் ராஜகிரியவில். இரண்டு பஸ் மாற வேண்டும். மழை பெய்தால் எத்தனை மணிக்கு வீடு வந்து சேருவேன் என்று எனக்கே தெரியாது.

குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் பிரச்சினையே. சம்பளம் நல்லது. என் கடைசிப் பரீட்சைகளுக்கு அம்மா சங்கிலியை அடைவு வைத்துத்தான் காசு கட்டினார். அதை மீட்டுக் கொடுத்துவிட்டேன். ஊரில் எல்லோரும் "அவளுக்கென்ன, கொழும்பிலை நல்ல வேலை" என்கிறார்கள்.

கந்தோரில் ஆட்களும் நல்லவர்கள். மத்தியானம் ஒன்றாகத்தான் சாப்பிடுவோம். சிங்களத்தில் பகிடி விடுவார்கள். எனக்கு விளங்கும், ஆனால் கொஞ்சம் பிந்தித்தான் விளங்கும். எல்லோரும் சிரித்து முடிக்கிற நேரத்தில் நான் சிரிக்கத் தொடங்குவேன். பிறகு என்னைப் பார்த்து இன்னொரு முறை சிரிப்பார்கள், அன்பாகத்தான். இதெல்லாம் ஒரு கவலையா என்று கேட்டால் இல்லை. ஆனால் பின்னேரம் பஸ்ஸில் வரும்போது காரணமில்லாமல் கண் கலங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்தான் சரியான மோசம். தண்டவாளத்தைத் தாண்டிக் கடற்கரைக் கல்லில் போய் இருப்பேன். குடும்பம் குடும்பமாக ஆட்கள், ஒருவரையும் தெரியாது. அம்மா போன் எடுத்தால் "சாப்பிட்டன்" என்று சொல்லிவிட்டு, பிறகு வந்து நூடில்ஸ் அவிப்பேன். சில நாள் அதுவும் இல்லை.

நல்லூர்த் திருவிழாவுக்கு லீவு போட்டு ஊருக்கு வந்து நின்றேன். நல்ல நித்திரை வந்தது, பசித்தது. இங்கேயே வந்துவிடட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "ஊரிலை ஆர் உனக்கு இந்தச் சம்பளம் தருவினம்?" என்றார். கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் அண்ணா, "பேசாமல் இஞ்சை வாற வழியைப் பார்" என்கிறார். அவரும் சந்தோஷமாக இல்லை, இரண்டு வேலை செய்கிறார், வீடியோ கோலில் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

என் அறையில் ஒரு மெத்தை மட்டும் நிலத்தில் கிடக்கிறது. எப்படியும் போகப் போகிறேன்தானே என்று கட்டில் வாங்கவில்லை. வந்து ஆறு வருடமாகிவிட்டது. எங்கே போகப் போகிறேன் என்றுதான் தெரியவில்லை.

இது ஒரு வருத்தமா, இல்லை எனக்கு நன்றிகெட்ட மனமா? வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வரட்டுமா?

ஒரு தங்கை,
வெள்ளவத்தை

*

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த நன்றிகெட்ட மனம் என்ற பேச்சை விடுங்கள். அம்மாவின் சங்கிலியை மீட்டுக் கொடுத்துவிட்டீர்கள். அதற்கு மேல் சந்தோஷமாகவும் இருந்து காட்டி வட்டி கட்ட வேண்டியதில்லை.

வருத்தமா என்று கேட்டீர்கள். ஊருக்கு வந்தவுடன் நித்திரை வந்தது, பசித்தது என்று எழுதியிருப்பது எனக்கு ஆறுதல். மனச்சோர்வு நோய் முற்றியிருந்தால் பெரும்பாலும் அதுவும் உங்களோடு பஸ் ஏறிக் கொக்குவிலுக்கு வந்திருக்கும். ஆனாலும் ஒரு கடிதத்தை வைத்து நான் உறுதி சொல்ல முடியாது. சாப்பிடாத நாட்கள் கூடினால், இரண்டு கிழமைக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், செத்தால் நல்லது என்ற எண்ணம் ஒரு தரம் எட்டிப் பார்த்தாலும்கூட, தாமதிக்காமல் ஒரு மனநல வைத்தியரைப் பாருங்கள். 1926 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் தேசிய மனநல நிறுவகத்தினரோடு தமிழிலேயே கதைக்கலாம்.

இனி கொழும்புக்கு வருவோம். ஸ்டான்லி மில்கிராம் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970இல் நகர வாழ்க்கையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நகரத்து ஆட்கள் கல்நெஞ்சர் என்று அவர் சொல்லவில்லை. ஒரு நாளில் கண்ணில் படுகிற முகங்களும் காதில் விழுகிற சத்தங்களும் மனம் தாங்கும் அளவைத் தாண்டிவிடுவதால், ஆளுக்குக் கொடுக்கிற கவனத்தை அவர்கள் சுருக்கிக்கொள்கிறார்கள் என்றார். காலி வீதியில் உங்களை இடித்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போகிறவர் அப்படித்தான் போகிறார். கோபிக்க வேண்டாம், நீங்களும் அப்படி ஆகிக்கொண்டு வருகிறீர்கள். கந்தோர்ப் பகிடிக்கு ஒரு பந்தி எழுதிய உங்கள் கடிதத்தில், ஒரே கூரைக்குக் கீழே இருப்பவர்களுக்கு "இன்னும் இரண்டு பெண்பிள்ளைகள்" என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அவர்கள் எந்த ஊர், ஞாயிற்றுக்கிழமை என்ன சமைப்பார்கள்? அவர்களில் ஒருத்தியும் அதே கடற்கரையில் வேறொரு கல்லில் இருக்கிறாளோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பஸ்ஸைச் சின்ன விஷயம் என்று தள்ளிவிடாதீர்கள். பொருளாதாரத்துக்கு நோபல் பரிசு பெற்ற உளவியலாளர் டானியல் கானமனும் அவரோடு சேர்ந்தவர்களும் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தின நாளை மணித்தியாலம் மணித்தியாலமாக நினைத்துப் பார்க்கச் சொன்னார்கள். 2004இல் வெளிவந்த அந்த ஆய்வில், மனம் மிகக் குறைவாக மகிழ்ந்திருந்த நேரங்களில் அடிமட்டத்தில் நின்றது காலையில் வேலைக்குப் போகிற பயணம். சம்பளம் கூடினால் சில மாதத்தில் அது பழகிவிடும். இன்றைக்கு எத்தனை மணிக்கு வீடு போவேன் என்று தெரியாத பயணம் அப்படிப் பழகாது. பிறகு ஏன் வெள்ளவத்தையில் இருக்கிறீர்கள்? எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள், கோயில் இருக்கிறது, மரக்கறிச் சாப்பாடு கிடைக்கும் என்றுதானே. அதில் எதற்கும் நீங்கள் போவதாக எழுதவில்லையே. ஒன்றில் வெள்ளவத்தையை நன்றாகப் பாவியுங்கள், அல்லது ராஜகிரியவுக்குக் கிட்ட ஒரு அறை பாருங்கள். இரண்டுமில்லாமல் அந்த பஸ்ஸில் போய்வருவதற்கு ஒரு நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த மெத்தைதான். போர்க் காலத்தில் வெள்ளவத்தை லொட்ஜுகளில் எங்கள் சனம் மாதக்கணக்கில் பெட்டியை அவிழ்க்காமல் இருந்தது. விசா வரும், ஏஜென்சிக்காரன் கூப்பிடுவான், யாழ்ப்பாணப் பாதை திறக்கும் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காத்திருப்பு. அன்றைக்கு அதற்குக் காரணம் இருந்தது, பானை சட்டி வாங்கி என்ன செய்வது? போர் 2009இல் முடிந்தது. 1990இல் நின்றுபோன ரயில் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப வந்தது. நீங்களோ விசாவும் கேட்காமல், ஏஜென்சியும் இல்லாமல், நிரந்தர வேலையோடு அதே லொட்ஜ் வாழ்க்கையை நடத்துகிறீர்கள். எங்கே இருக்கிறோமோ அது கணக்கில் இல்லை, இனிப் போகிற இடத்தில்தான் வாழ்க்கை தொடங்கும் என்று நினைத்துக்கொண்டு இருந்தால் எந்த ஊரும் வெறுமையாகத்தான் தெரியும். உங்கள் அண்ணாவிடமும் ஒரு நாள் கேட்டுப் பாருங்கள், அவர் சுவரில் ஒரு படமாவது மாட்டியிருக்கிறாரா என்று.

ஆகவே கட்டிலை வாங்குங்கள். வாங்கினால் கொழும்பிலேயே கிடக்க வேண்டும் என்றில்லை. போகிற நாளில் விற்றுவிடலாம், கட்டிலுக்கு விசா தேவையில்லை.

கந்தோரில் அடுத்த முறை பகிடி பிந்தி விளங்கினால், "எனக்கு இன்னொருக்கால் சொல்லுங்கோ" என்று அங்கேயே கேளுங்கள், சிங்களத்திலேயே. பகிடி சொல்பவருக்கு அதைவிட விருப்பமான வேண்டுகோள் இல்லை. பஸ் தரிப்பிடத்தில் தினமும் காண்கிற முகத்துக்கும் கீழே சில்லறைக் கடைக்காரருக்கும் ஒரு சொல் செலவழியுங்கள். நெருங்கிய உறவுகள் மட்டுமல்ல, இப்படித் தலையாட்டிப் போகிற பழக்கங்களும் மனத்துக்கு ஒரு தாங்கல் என்று 2014இல் ஜிலியன் சாண்ட்ஸ்ட்ரமும் எலிசபெத் டன்னும் செய்த ஆய்வு காட்டியது. நல்ல சிநேகிதி உடனே கிடைக்க மாட்டாள். கடைக்காரர் இப்போதே அங்கே இருக்கிறார்.

ஊருக்கு வருவதைப் பற்றி. நீங்கள் கண்டது திருவிழாக் காலத்து யாழ்ப்பாணம். அந்த 25 நாளில் யாழ்ப்பாணமே வேறு ஊர். வீதியில் மணல், தண்ணீர்ப் பந்தல், வெளிநாட்டில் இருந்து வந்த சொந்தங்கள், வீட்டில் அம்மா குழைத்துத் தருகிற சோறு, அலாரம் வைக்காத காலை. அதைக் கொழும்பின் திங்கட்கிழமையோடு தராசில் போட்டால் கொழும்பு தோற்கத்தான் செய்யும். கார்த்திகை மழையில் குறைந்த சம்பளத்துக்கு வேலைக்குப் போய்வருகிற உங்களை நினைத்துப் பாருங்கள். படலையில் நின்று "என்ன பிள்ளை, இன்னும் ஒண்டும் சரிவரேல்லையோ?" என்று கேட்கிற பெரியம்மாவையும் சேர்த்து. எப்படியாவது கொழும்புக்குப் போய்விட்டால் மூச்சு விடலாம் என்று சொல்லிக்கொண்டு உங்கள் வயதுப் பெண்கள் என்னிடம் வருகிறார்கள். எல்லோருக்கும் தங்களைத் தெரியும் என்பதுதான் அவர்களுக்குப் பாரம்.

இதைச் சொல்வது வராதீர்கள் என்பதற்காக இல்லை. கோயிலும் கொண்டாட்டமும் இல்லாத ஒரு கிழமை வந்து நில்லுங்கள். இங்கே கணக்காளர் வேலைக்கு என்ன தருகிறார்கள் என்று நேரில் விசாரியுங்கள். மாதத்தில் சில நாள் வீட்டில் இருந்து வேலை செய்ய விடுவார்களா என்று உங்கள் நிறுவனத்திடமும் கேளுங்கள். கேட்காமலே இல்லை என்று முடிவு கட்டிவிட்டீர்கள் போலிருக்கிறது.

அம்மாவிடம் மட்டும் இன்றைக்கே ஒன்று. சாப்பிடாத நாளில் சாப்பிடவில்லை என்றே சொல்லுங்கள். பேச்சு விழும், வாங்கிக்கொள்ளுங்கள். சம்பளத்தைப் பற்றிக் கேட்ட அம்மாவுக்கு நூடில்ஸ் கதை தெரியாது. தெரிந்தால் வேறு பதில் சொல்லியிருப்பாரோ என்னவோ.

தைப்பொங்கலுக்குப் பிறகு திரும்ப எழுதுங்கள். கட்டில் வாங்கினீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். வேலையை விடுவதைப் பற்றி அப்போது கதைப்போம், விடச் சொன்னாலும் சொல்லுவேன்.

அன்புடன்,
அக்கா