மின்சார காருக்கு 38,000 ரூபாய் சர்வீஸ் பேக்கேஜ் தேவையா?

கேள்வி: ஈரோட்டில் வசிக்கிறேன். வேலை பெருந்துறைப் பக்கம். அலுவலகம், வீடு, வெளியூர் என்று மாதம் 1,500 கி.மீ. ஓட்டுவேன். மின்சார கார் புக் செய்திருக்கிறேன். "5 வருட சர்வீஸ் பேக்கேஜ் 38,000 ரூபாய்தான், லோனிலேயே சேர்த்துவிடுகிறோம், மாதம் 800 ரூபாய்கூட வராது" என்கிறார்கள் ஷோரூமில். என் மைத்துனரோ, "இன்ஜினே இல்லாத வண்டிக்கு எதுக்கு மாப்ள சர்வீஸ்?" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. முதலில் அந்த 800 ரூபாயைப் பார்த்துவிடுவோம்.

38,000 ரூபாயை 9 சதவீத வட்டியில் 5 வருட கார் லோனில் சேர்த்தால், இ.எம்.ஐ. சுமார் 789 ரூபாய் கூடும். ஷோரூம்காரர் பொய் சொல்லவில்லை. ஆனால் 60 மாதம் கட்டி முடிக்கும்போது மொத்தம் 47,300 ரூபாய் போயிருக்கும். ஐந்தாம் வருடம் செய்யப்போகிற சர்வீஸுக்கு இன்றிலிருந்தே வட்டி கட்டுவானேன்? இடையில் காரை விற்றாலோ, வேலை மாறி வேறு ஊருக்குப் போனாலோ மீதிப் பணம் என்ன ஆகும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சரி, மைத்துனரிடம் வருவோம். இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், கிளட்ச் எதுவும் கிடையாது என்பது உண்மைதான். அதனால் வருடாந்திர சர்வீஸ் என்பது பெரும்பாலும் பரிசோதனைதான்: ஏ.சி. கேபின் ஃபில்டர் மாற்றுவது, வீல் அலைன்மென்ட், சஸ்பென்ஷன் பார்ப்பது, மென்பொருள் புதுப்பிப்பு. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததுமே மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிப்பதால் பிரேக் பேட் மெதுவாகத்தான் தேயும். பிரேக் ஆயில் மட்டும் ஈரத்தை உறிஞ்சும். ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. பேட்டரியைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை மேனுவல் சொல்லும் காலத்தில், சொல்லும் ரகத்தில் மட்டும் மாற்ற வேண்டும். தெருமுனைக் கடையில் வாங்கிய ஏதோ ஒரு பச்சை நிறக் கூலன்ட்டை ஊற்றிவிடாதீர்கள்.

பணத்தைத் தின்பது இதெல்லாம் இல்லை, டயர்தான். பேட்டரியின் எடையால் இதே அளவு பெட்ரோல் காரைவிட வண்டி கனமாக இருக்கும். மிதித்த உடனே முழு இழுவிசையும் சக்கரத்துக்குப் போகும். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரரை முந்தும் சந்தோஷத்துக்கு டயர் விலை கொடுக்கிறது. 40,000 கி.மீ.க்கு ஒரு செட் என்று வைத்தால், உங்கள் ஓட்டத்துக்கு 5 வருடத்தில் இரண்டு செட் மாற்ற வேண்டிவரும். ஒரு டயர் 9,000 ரூபாய் என்று கொண்டால் மொத்தம் 72,000.

அப்புறம், யாரும் சொல்லாத சின்ன பேட்டரி. மின்சார காரிலும் பழைய 12 வோல்ட் பேட்டரி ஒன்று இருக்கிறது. என் காரில் ஒரு நாள் காலை அது உயிரை விட்டது. பெரிய பேட்டரியில் 70 சதவீதம் சார்ஜ் இருந்தும் வண்டி 'ஆன்' ஆகவே இல்லை, ஆட்டோ பிடித்துப் போனேன். மூன்று, நான்கு வருடத்துக்கு ஒருமுறை அதற்கு 6,000, 7,000 ரூபாய் எடுத்து வையுங்கள்.

வருட சர்வீஸுக்குச் சராசரியாக 5,000 என்றாலும் 5 வருடத்துக்கு 25,000. டயரையும் சின்ன பேட்டரியையும் சேர்த்தால் ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும். விலைகள் காருக்குக் கார் மாறும். இது என் உத்தேசம். இப்போது பேக்கேஜ் தாளைத் திருப்பிப் பாருங்கள். பெரும்பாலான பேக்கேஜ்களில் டயரும் 12 வோல்ட் பேட்டரியும் சேராது. அப்படியானால் 25,000 ரூபாய் வேலைக்குத்தான் 47,300 கேட்கிறார்கள்.

என் யோசனை, இந்தச் செலவுகளுக்காக மாதம் 2,000 ரூபாய் வங்கி ஆர்.டி. (மாதாந்திரத் தொடர் சேமிப்பு) ஒரு வருடத்துக்குப் போட்டு, முடிய முடியப் புதுப்பியுங்கள். அஞ்சலக ஆர்.டி. வேண்டாம். அது 5 வருடத் திட்டம், 3 வருடத்துக்கு முன் முடிக்க முடியாது. உங்கள் முதல் செட் டயர் 27-வது மாதத்திலேயே தேய்ந்துவிடும். பெட்ரோலுக்குக் கொடுத்துக்கொண்டிருந்த பணத்தில் மிச்சமாவதே இந்த 2,000-ஐத் தாங்கும். ஆனால் வீட்டு இணைப்பில் சார்ஜ் போட்டால், இரண்டு மாதத்தில் 500 யூனிட் தாண்டும்போது நம் மின்வாரியக் கட்டணம் சட்டென்று ஏறும். உங்கள் காரே 450 யூனிட்டுக்கு மேல் குடிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பேக்கேஜ் வேண்டாம் என்றேனே தவிர, சர்வீஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. காரில் விலை உயர்ந்த பொருள் பேட்டரிதான். அதற்குப் பல நிறுவனங்கள் 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி தருகின்றன. குறித்த காலத்தில் சர்வீஸ் செய்த பதிவு இல்லையென்றால், பின்னால் கிளெய்ம் செய்யும்போது வம்பு வரும். ஒவ்வொரு பில்லையும் பத்திரப்படுத்துங்கள். வேகத்தடையில் அடிபட்டு பேட்டரி நசுங்கினாலோ, வெள்ளம் புகுந்தாலோ அது வாரண்டியில் வராது, இன்ஷூரன்ஸில்தான் பார்க்க வேண்டும். ஆகவே ஜீரோ டெப்ரிசியேஷனோடு (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் கிளெய்ம் தரும் வசதி) பேட்டரிப் பாதுகாப்பு ஆட்-ஆனையும் எடுங்கள். பேக்கேஜில் மிச்சம் பிடித்ததை இங்கே செலவழித்தால் தப்பில்லை.

வாரண்டிக் காலத்தைப் பணம் கட்டி நீட்டிக்கும் எக்ஸ்டெண்டட் வாரண்டி வேறு விஷயம். காருக்குள் இருக்கும் சார்ஜர், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ப மாற்றும் இன்வெர்ட்டர் போன்ற மின்னணுப் பாகங்கள் பழுதானால் பில் கனமாக வரும் என்பதால் அதை நான் எடுப்பேன். முதல் நாளே எடுக்க வேண்டியதில்லை. எப்போது வரை எடுக்கலாம், விலை எப்போது ஏறும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

டெலிவரிக்கு முன் பேக்கேஜை நீக்கிய புது கொட்டேஷனைக் கேளுங்கள். "பேக்கேஜ் எடுத்தால்தான் வாரண்டி" என்று யாராவது ஆரம்பித்தால், வாரண்டி புத்தகத்தில் அது எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள்.