எண் மாறாது, லேபிள் மாறும்

கேள்வி: அண்ணா, நெல்லின் புசல் கணக்கைக் கிலோவாக மாற்றும் சின்னப் பொதி ஒன்றை, ஜாவாஸ்கிரிப்ட் நிரல் பொதிகளைப் பகிரும் களஞ்சியமான என்பிஎம்மில் வைத்திருக்கிறேன். 1.4.2 ஆம் பதிப்பு ஒழுங்காக ஓடியது. போன கிழமை 2.0.0-பீற்றா.1 என்ற சோதனைப் பதிப்பை, டேக் (லேபிள்) எதுவும் கொடுக்காமல் ஏற்றிவிட்டேன். இப்போது புதிதாக இறக்குகிறவர்களுக்கெல்லாம் பீற்றாதான் போகிறது. அதை அழித்து, திருத்தி, அதே எண்ணில் திரும்ப ஏற்றலாமா?
- வாசகி, மாங்குளம்

பதில்: அழிக்க வேண்டாம், தங்கச்சி. ஏற்றி 72 மணித்தியாலம் கடந்தால் என்பிஎம் லேசில் அழிக்க விடாது. அழித்தாலும், ஒருமுறை பாவித்த எண்ணை அந்தப் பொதிக்கு மறுபடி தராது. அது நல்ல சட்டம் என்றே நான் சொல்வேன். ஒரே எண்ணில் உங்களிடம் ஒன்றும் கிளிநொச்சியில் இன்னொருவரிடம் வேறொன்றும் இருந்தால், பிழையை எங்கே போய்த் தேடுவது?

நெல்லையே பாருங்கள். பிஜி 352 என்றால் மூன்றரை மாத நெல். எந்தப் போகத்திலும் அந்த எண் மாறாது. ஆனால் இந்த முறை மூன்று மாத நெல்லா, மூன்றரை மாத நெல்லா என்பது இரணைமடுக் குளத்துத் தண்ணீரைப் பார்த்து, விதைப்புக்கு முந்திய கூட்டத்தில் பேசி முடிவாகிறது. அது போகத்துக்குப் போகம் மாறும். பதிப்பு எண் நெல்லின் எண்ணைப் போல. லேற்றஸ்ற் என்ற லேபிள் கூட்டத்து முடிவைப் போல. எண் சொல்லாமல் இறக்குகிறவருக்கு அந்த லேபிள் உள்ள பதிப்புத்தான் போகும். நீங்கள் டேக் கொடுக்காததால் அது பீற்றாவில் ஒட்டிக்கொண்டது.

ஆகவே லேபிளை நகர்த்துங்கள். டிஸ்ட்-டேக் ஆட் கட்டளையில் பொதியின் பெயரோடு 1.4.2 ஐயும் லேற்றஸ்ற் என்பதையும் கொடுங்கள். அதே கட்டளையால் 2.0.0-பீற்றா.1 க்குப் பீற்றா என்ற லேபிளைக் கட்டுங்கள். ஒரு நிமிச வேலை. உங்களிடம் இருப்பது பழைய என்பிஎம் போலிருக்கிறது. 11 ஆம் பதிப்பு, டேக் இல்லாத பீற்றாவை ஏற்ற விடாமல் நிறுத்திவிடும்.

இதோடு வேலை முடியவில்லை. முன்பே 1.4.2 ஐ நிறுவியவர்களுக்கு ஒன்றும் ஆகியிராது. ஆனால் பீற்றாவை இறக்கியவர்களிடம், பாவிக்கும் பொதிகளைப் பட்டியலிடும் கோப்பில் ^2.0.0-பீற்றா.1 என்று பதிந்திருக்கும். முதல் எண் மாறாத வரை இதைவிடப் புதியதையும் எடுக்கலாம் என்பதே அந்த ^ குறி. லேபிளை நகர்த்தினாலும் அவர்கள் 1.4.2 க்குத் திரும்ப மாட்டார்கள். அடுத்த பீற்றா வந்தால் அதற்குத்தான் போவார்கள். டெப்ரிகேட் கட்டளையால் அந்த எண்ணில் ஓர் எச்சரிக்கை எழுதிவையுங்கள்: "இது சோதனைப் பதிப்பு, 1.4.2 ஐ நிறுவுங்கள்." நிறுவும்போது அந்த வரி கண்ணில் படும்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில வருசங்களுக்கு முன் என் பொதியொன்றில், கிலோவில் வந்துகொண்டிருந்த விடையை அந்தர் என்ற வேறு எடை அளவில் வரும்படி மாற்றி, 1.3.0 என்று ஏற்றினேன். நடு எண் மட்டும் கூடினால் பழையது எதுவும் உடையாது என்றுதான் அர்த்தம். அதை நம்பி ^1.2.0 என்று எழுதியிருந்தது பரந்தன் பக்கத்து அரிசி ஆலை ஒன்றின் பில் நிரல். காலபோக அறுவடை நேரம் புதுக் கணினியில் நிறுவினார்கள், 1.3.0 தானாக வந்து உட்கார்ந்தது. ஒரு பகல் முழுக்கப் பில்கள் பிழை. பின்னேரம் போய், மூடைகளுக்குப் பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு பில்லையும் கையால் திருத்திக் கொடுத்தேன். அந்த எண் 2.0.0 ஆக இருந்திருக்க வேண்டும். ஏற்றுமுன் நான் ஒரு நிமிசம் யோசித்திருந்தால் போதும்.

அப்புறம், பீற்றாவுக்கும் எண்ணுக்கும் நடுவில் புள்ளி வைத்திருக்கிறீர்கள், அதை விட்டுவிடாதீர்கள். புள்ளி இருந்தால் 10 என்பது 9 க்குப் பின் வரும். புள்ளி இல்லாவிட்டால் எழுத்தாக ஒப்பிட்டு, 10 ஐ 9 க்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிடும்.

கேள்வி: என் பொதி இன்னும் 0.3.1 இல் நிற்கிறது. எப்போது 1.0.0 போடலாம்?
- மாணவர், வவுனியா

பதில்: உங்களைத் தவிர இன்னொருவர் தன் அன்றாட வேலைக்கு அதைப் பாவிக்கிறாரா? அப்படியென்றால் இன்றைக்கே போடுங்கள். அதுவரை, எதையாவது உடைக்கும் மாற்றம் செய்தால் நடு எண்ணைக் கூட்டுங்கள். முதல் எண் 0 என்றால் ^ குறி நடு எண்ணையும் மாற விடாது, அதனால் ^0.3.1 என்று எழுதியவருக்கு 0.4.0 தானாகப் போகாது.